ஞானப்பல் வலிக்கு ‘ரெண்டு நேரத்துக்கு மாத்திரை’ போதுமா? ஈறுக்கு அடியில் நடக்கும் சண்டை இதுதான்!

“அண்ணாச்சி, கடைவாய்ப் பல்லு வலிக்கு ரெண்டு நேரத்துக்கு மாத்திரை குடுங்க.”

சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளமாக இருக்கட்டும், சென்னை வேளச்சேரியாக இருக்கட்டும், மெடிக்கல் ஷாப்பில் இந்த ஒரு வரி போதும். மேற்கொண்டு கேள்வி வராது. அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டிய நாலைந்து மாத்திரைகள் ஒரு சின்ன கவரில் வந்துவிடும். ஒன்று வலிக்கு. ஒன்று வயிறு எரியாமல் இருக்க. இன்னொன்று, “செப்டிக் ஆகாம இருக்கதுக்கு”. அந்த மூன்றாவதுதான் ஆன்டிபயாடிக்.

மறுநாள் வலி குறையும். வேலைக்குப் போகலாம். ரெண்டு மாசம் கழித்து, அதே பக்கம், அதே இடத்தில் ஈறு மறுபடி வீங்கும். மறுபடி அதே கடை, அதே கவர்.

இந்தச் சுற்றில் சிக்கியிருப்பவர்களில் பெரும்பாலானோர் 17 முதல் 25 வயதுக்காரர்கள். ஞானப்பல், அதாவது வாயின் கடைசியில் முளைக்கும் மூன்றாவது கடைவாய்ப் பல், வெளியே எட்டிப் பார்க்கும் வயது அது. காலேஜ், முதல் வேலை, ஹாஸ்டல் சாப்பாடு, நைட் ஷிஃப்ட் எல்லாம் நடக்கும் அதே வயதுதான். முளைக்கும் பல்லைச் சுற்றி ஈறில் வரும் இந்தத் தொற்றுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பெரிகோரனைட்டிஸ்’. ‘கொரோனா’ என்றால் லத்தீனில் கிரீடம். வைரஸுக்குப் பெயர் கொடுத்த அதே சொல். பல்லின் கிரீடத்தைச் சுற்றி வரும் அழற்சி என்று பொருள்.

இந்த நோய்க்குப் பெரும்பாலான நேரங்களில் முதல் சிகிச்சை ஆன்டிபயாடிக் அல்ல, கழுவுவது. ஆனால், ஆன்டிபயாடிக் தெருமுனையில் கிடைக்கிறது, கழுவிவிட ஆள் கிடைப்பதில்லை. இங்கேதான் கோளாறு.

மூடி போட்ட பாத்திரம்

ஞானப்பல்லுக்குத் தாடையில் இடம் போதவில்லை என்றால் அது பாதி வெளியே, பாதி உள்ளே என்று நின்றுவிடும். கீழ்த்தாடையில் இது அதிகம். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறின் ஒரு துண்டு மடிந்து மூடி மாதிரி கிடக்கும். அந்த மூடிக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு சின்னப் பை. சோறு, முறுக்குத் தூள், பிஸ்கட் மாவு எல்லாம் அதற்குள் போகும். பிரஷ் போகாது.

வாயில் எப்போதுமே நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியாக்கள் இருக்கின்றன. டச்சுக்காரர் லேவன்ஹூக் தன் பல்லிடுக்கு அழுக்கை லென்ஸ் வழியே பார்த்து, அதில் நெளியும் ‘குட்டி உயிர்களை’ப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதியது 1683-ல். ஆக, வாயில் பாக்டீரியா இருப்பது நோய் இல்லை. எந்தப் பாக்டீரியா, எந்த மூலையில் பெருகுகிறது என்பதே விஷயம்.

மூடிக்கு அடியில் காற்று சரியாகப் போகாது. அங்கே முதலில் குடியேறும் பாக்டீரியாக்கள் இருக்கிற கொஞ்ச நஞ்ச ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். அதன்பிறகு அந்த இடம் ஆக்சிஜன் பிடிக்காத பாக்டீரியாக்களுக்கு வசதியான வீடாகிவிடுகிறது. ப்ரிவோடெல்லா, ஃபியூசோபாக்டீரியம், சுருள் சுருளாக நெளியும் ட்ரெபோனிமா போன்றவை அங்கே ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு படலமாக வளர்கின்றன. இதில் ஃபியூசோபாக்டீரியம் ஒரு இணைப்புப் பாலம் மாதிரி. முன்னால் வந்த பாக்டீரியாக்களையும் பின்னால் வருபவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இவை புரதங்களைச் சிதைக்கும்போது வெளியாகும் கந்தகச் சேர்மங்களால்தான் வாயில் அந்த நாற்றம். மாஸ்க்குக்குள் தனக்கே அடிக்கும் நாற்றம் எத்தனை பேருக்கு இருந்தது என்பது கொரோனா காலத்தில் தெரிந்திருக்கும்!

இன்னொரு தொல்லையும் உண்டு. வீங்கிய ஈறு மடல் உயர்ந்து நிற்கும்போது, மேல்தாடையின் ஞானப்பல் ஒவ்வொரு முறை மெல்லும்போதும் அதைக் கடிக்கும். கடிபட்ட இடம் இன்னும் வீங்கும். வீங்கினால் இன்னும் கடிபடும். சில நோயாளிகளுக்குக் கீழ்ப் பல்லை விட்டுவிட்டு, கடிக்கிற மேல் பல்லை மட்டும் டாக்டர் எடுப்பது இதனால்தான்.

வெள்ளை அணுக்கள் ஏன் திணறுகின்றன?

உடம்பு இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. ஈறில் காவலுக்கு இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் ஆபத்தை உணர்ந்து வேதிச் சமிக்ஞைகளை வெளியிடும். ரத்தக் குழாய்கள் விரியும், அவற்றின் சுவர் கொஞ்சம் தளரும். அந்த இடைவெளி வழியே முதலில் வந்து சேர்வது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள். ஒரு ஆரோக்கியமான உடம்பு ஒரு நாளைக்குத் தயாரிக்கும் நியூட்ரோஃபில்கள் ஏறத்தாழ 10,000 கோடி. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, சண்டை போட்டு, சீக்கிரமே சாகப் பிறந்தவை. சிவந்து, சுடச்சுட வீங்கி, தொட்டால் உயிர் போகிற மாதிரி வலிக்கும் ஈறு, இந்தப் படை வந்திறங்கிய அடையாளம்தான்.

நியூட்ரோஃபிலிடம் மூன்று ஆயுதங்கள் உண்டு. பாக்டீரியாவை அப்படியே விழுங்கிவிடும். கரைக்கும் நொதிகளைக் கக்கும். மூன்றாவது விசித்திரமானது: தன் டிஎன்ஏ-வையே வலை மாதிரி வெளியே வீசி, பாக்டீரியாக்களை அதில் சிக்கவைக்கும். இந்த வலையை பெர்லின் ஆய்வாளர்கள் உலகுக்குச் சொன்னதே 2004-ல்தான்.

ஆனால், ஈறு மூடிக்கு அடியில் இந்த ஆயுதங்கள் முழுசாக வேலை செய்வதில்லை. விழுங்கிய பாக்டீரியாவைக் கொல்ல நியூட்ரோஃபில் பயன்படுத்தும் முக்கியமான வழி, ஆக்சிஜனை எடுத்து அதை விஷமாக மாற்றுவது. ஆக்சிஜன் குறைவான பைக்குள் அந்த வழி பலவீனமாகிவிடுகிறது. எதிரியோ தனியாக நிற்கவில்லை, படலத்துக்குள் பதுங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு, அழுகிய உணவுத் துணுக்கும் அங்கேயே கிடக்கிறது. நியூட்ரோஃபில்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து சீழாகின்றன. அவை கக்கிய நொதிகள் பாக்டீரியாவோடு சேர்த்து நம் ஈறுத் திசுவையும் அரிக்கின்றன. வலியில் ஒரு பங்கு கிருமியால் என்றால், இன்னொரு பங்கு நம் சொந்தப் படையால் வருவது.

வீக்கம் மெல்லும் தசைகளை எட்டினால் வாயைத் திறக்க முடியாது. இட்லியைக்கூடப் பிய்த்துச் சின்னத் துண்டாக்கித்தான் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். தாடைக்குக் கீழே நெறி கட்டும். அங்குள்ள நிணநீர்க் கணுக்களில் அடுத்த கட்ட வெள்ளை அணுக்கள் தயாராகின்றன என்று அர்த்தம்.

தூக்கம் கெட்ட வாரங்களில், பரீட்சை நேரத்தில், சளி காய்ச்சல் வந்து போன கையோடு இந்த வலி தலைகாட்டுவதைப் பல் மருத்துவர்கள் வெகுகாலமாகக் கவனித்துவருகிறார்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறின் ரத்த ஓட்டமும் எதிர்ப்பும் ஏற்கனவே குறைந்திருக்கும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவர்களின் நியூட்ரோஃபில்கள் மந்தமாகவே வேலை செய்யும். 22 வயசில் சர்க்கரையா என்று யாரும் சிரிக்க வேண்டாம். இப்போது அது அபூர்வம் இல்லை.

அப்போ மாத்திரையே வேண்டாமா?

ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியாக ஈறுத் திசுவுக்கு வந்து சேரும். ஆனால், பைக்குள் கிடக்கும் அழுக்கையும் படலத்தையும் அது அள்ளிப்போடாது. மேலோட்டமாகக் கிருமி எண்ணிக்கை குறையும், வலி மாத்திரையும் சேர்வதால் ‘சரியாயிடுச்சு’ என்று தோன்றும். மூடி அப்படியே இருக்கிறது, சோற்றுப் பருக்கையும் அப்படியே இருக்கிறது. ரெண்டு நேரம் மட்டும் போட்டு நிறுத்துவது அதைவிட மோசம். கிருமி முழுசாகச் சாவதற்குள் மருந்து தீர்ந்துவிடும்.

கிளினிக்கில் செய்வது எளிமையான வேலை. ஊசி இல்லாத, அல்லது முனை மழுங்கிய சிரிஞ்சில் சுத்தமான சலைன் அல்லது குளோர்ஹெக்சிடின் எடுத்து, மடலுக்கு அடியில் பீய்ச்சி, அடைத்துக்கொண்டிருப்பதை வெளியேற்றுவார்கள். சில நிமிடங்கள்தான். வலி மாத்திரை தருவார்கள். வீட்டில் அடிக்கடி உப்பு நீரில் கொப்பளிக்கச் சொல்வார்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. தூத்துக்குடி உப்பளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊர்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை; பாட்டி சொன்னதும் இதையேதான். ஆனால், பாட்டிகள் சொன்ன இன்னொன்று, வலிக்கிற இடத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வது, ஆபத்து. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் அப்படித்தான். ஈறு வெந்துவிடும்.

சரி, ஆன்டிபயாடிக் எப்போது தேவை? காய்ச்சல் இருந்தால். வாய் திறக்க முடியாவிட்டால். வீக்கம் ஈறைத் தாண்டிக் கன்னத்துக்கோ கழுத்துக்கோ இறங்கினால். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு. அப்போதும் கழுவுவதற்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்துத்தான். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆன்டிபயாடிக் கையேடும், பெரும்பாலான பல் தொற்றுகளுக்கு ஆன்டிபயாடிக் இல்லாமலே சிகிச்சை தர முடியும் என்றே சொல்கிறது.

இதற்காகத் தரப்படும் மெட்ரோனிடசோல் மாத்திரைக்கு ஒரு சுவாரஸ்யமான கதை உண்டு. அது முதலில் வந்தது பெண்ணுறுப்பில் வரும் ஒரு ஒட்டுண்ணித் தொற்றுக்காக. 1962-ல் ஷின் என்ற பல் மருத்துவர் ‘லான்செட்’ இதழில் ஒரு குறிப்பு எழுதினார்: அந்தத் தொற்றுக்காக மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்மணிக்குக் கூடவே ஈறுப் புண்ணும் ஆறிவிட்டது. காரணம் பின்னால் புரிந்தது. அந்த மருந்து ஆக்சிஜன் இல்லாத சூழலில் வாழும் கிருமியின் உள்ளே போனபிறகுதான் விஷமாக மாறும். மூடிக்கு அடியில் இருக்கும் கும்பலுக்கு இது சரியான எதிரி. ஆக, மருந்து கெட்டதல்ல. தேவை பார்த்து, அளவு பார்த்து, நாள் கணக்கு பார்த்துக் கொடுக்க வேண்டியது. வீக்எண்ட் பார்ட்டிக்காரர்கள் கவனிக்க: இந்த மாத்திரையோடு மது கூடாது என்பது வழக்கமான எச்சரிக்கை.

பல் வலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஒரே மாதிரி நீட்டப்படும் ஆஃப்லாக்சசின் – ஆர்னிடசோல் கூட்டு மாத்திரையோ, உலக சுகாதார நிறுவனம் ‘பரிந்துரைக்கவில்லை’ என்று ஒதுக்கிய கூட்டு மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-ல் மட்டும் உலகில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று லான்செட்டில் வெளியான கணக்கு சொல்கிறது. கத்தரிக்கோலால் வெட்டிய அந்த ரெண்டு மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு.

எந்த நிலையிலும் ஒத்திப்போடக் கூடாத அறிகுறிகள் உண்டு. எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்குக்கு அடியில் தரை கட்டியாகி நாக்கை மேலே தூக்குகிறது, குரல் மாறுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் அது பல் வலி அல்ல, அவசர சிகிச்சை. கீழ்க் கடைவாய்ப் பற்களின் தொற்று கழுத்துக்கு இறங்கி மூச்சுக் குழாயை நெருக்கும் நிலையை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-லேயே விவரித்திருக்கிறார். தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் இருப்பவர்கள் அந்த நேரத்தில் மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

வாணியம்பாடி கிளப்பிய பயம்

“கிளினிக்குக்குப் போய்தான் நோய் வாங்கணுமா?” என்று கேட்பவர்களின் பயத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 2023-ல் வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போன 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் வந்து, அவர்களில் 8 பேர் இறந்தார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா அதற்குக் காரணம். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் உள்ளிட்ட குழுவின் ஆய்வு 2025-ல் வெளியானபோது, அது சுட்டிக்காட்டியது சலைன் பாட்டிலைத்தான். கிருமி நீக்கம் செய்யாத கருவியால் பாட்டிலைத் திறந்து, லேசாக மூடி வைத்து, அதையே அடுத்தடுத்த நோயாளிகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

கழுவுவதுதான் சிகிச்சை என்று சொல்லும்போது, எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள் என்று கேட்காமல் விட முடியாது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, ‘மாத்திரையே தேவலை’ என்று முடிவெடுத்தவர்கள் இருப்பார்கள். அது தவறான முடிவு. ஆனால் அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளியது யார்? பல் கிளினிக்குகளில் கிருமி நீக்கம் எப்படி நடக்கிறது என்று முறையாகச் சோதிக்க வேண்டியது அரசின் வேலை. சலைன் பாட்டிலைத் தன் கண்ணெதிரே புதுசாக உடைக்கச் சொல்லிக் கேட்பதில் நோயாளிக்கு எந்தக் கூச்சமும் வேண்டாம். நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதற்கு எதிர்ப் பக்கத்திலும் ஒரு பிரச்சினை வளர்கிறது. ஒரு தடவை வலித்தாலே, “நாலு ஞானப்பல்லையும் எடுத்துடலாம், பேக்கேஜ் இருக்கு” என்று சொல்லும் நகரத்துக் கிளினிக்குகள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-ல் வெளியிட்ட வழிகாட்டல், நோயில்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே பிடுங்க வேண்டாம் என்றது. ஈறுத் தொற்று ஒரே ஒருமுறை வந்து, கடுமையாகவும் இல்லை என்றால் அறுவை சிகிச்சை தேவையில்லை, மறுபடி வந்தால் யோசிக்கலாம் என்றும் சொன்னது. அதை எதிர்த்து வாதிடும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். சாய்ந்து முளைத்த பல்லை விட்டுவைத்தால் பக்கத்துப் பல் சொத்தையாகிறது என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் உண்டு. ஆனால், கீழ் ஞானப்பல்லின் வேருக்குப் பக்கத்தில் உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. எக்ஸ்-ரே பார்த்து, அந்த நரம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லாமல் தேதி மட்டும் குறிப்பவரிடம் இரண்டாவது கருத்து கேட்பது நல்லது.

கடைக்காரரைப் பிடித்தால் போதுமா?

சட்டப்படி ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே பிரசாரம் செய்தது. தென்காசி மாவட்டத்தில் புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. அங்கே 2024-ல் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற பெயரில், சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் திடீர் சோதனை நடத்தினார்கள். மலைக்கு இந்தப் பக்கமும் அப்படி ஒரு கண்டிப்பு அவசியம்.

ஆனால், கண்டிப்போடு நிறுத்தினால் அது பாதி வேலை. குருவிகுளம் ஒரு ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சுற்றிலும் கரிசல் கிராமங்கள். அங்கே ராத்திரி எட்டரை மணிக்கு ஒருத்தருக்குக் கன்னம் வீங்கினால், திறந்திருப்பது மெடிக்கல் ஷாப்தான். பல் டாக்டரைப் பார்க்க சங்கரன்கோவிலுக்கோ கோவில்பட்டிக்கோ பஸ் ஏற வேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கும் தம்பிக்கோ கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறது; ஆனால் பெரும்பாலான குரூப் பாலிசிகள் வழக்கமான பல் சிகிச்சையைக் கணக்கில் எடுப்பதில்லை. இருவருக்கும் அந்தச் சின்ன கவர்தான் கட்டுப்படியாகிறது. கடைக்காரர் ஒரு காலி இடத்தை நிரப்புகிறார், அவ்வளவுதான்.

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து வெளியே வருபவர்களில் பலர் நகரங்களில் ஒரே தெருவில் நாலு கிளினிக் என்று போட்டி போடுகிறார்கள், அல்லது வேறு வேலைக்குப் போகிறார்கள். டாக்டர் பஞ்சம் இல்லாத ஒரு துறையில் கிராமத்துக்கு டாக்டர் இல்லை என்பது நிர்வாகக் கோளாறு, வேறொன்றும் இல்லை. இந்தத் தொற்றுக்கு முதல் நாளில் தேவைப்படுவது சாய்வு நாற்காலி, விளக்கு, சிரிஞ்ச், புது சலைன், படித்த ஒரு கை. எம்ஆர்ஐ மெஷின் யாரும் கேட்கவில்லை.

ஒன்றியத்துக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது பல் மருத்துவர் தினமும் இருக்க வேண்டும். அதுவும் காலை 9 மணிக்கு வந்து மதியம் முடிவது போதாது. காட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள் திரும்பி வரும் சாயங்காலம் 5 முதல் 8 வரை இருந்தால்தான் அந்தக் கவருக்கு ஒரு மாற்று கிடைக்கும். வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட்டிலிருந்து நடக்கிறது. போகிற வீட்டில் சர்க்கரை நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு டார்ச் அடித்துப் பார்ப்பதையும் அதில் சேர்க்கலாம்.

தமிழ்நாட்டில் கிராம சபைக் கூட்டம் இப்போது வருஷத்துக்கு 6 முறை நடத்தப்பட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ரோடு, தெருவிளக்கு, குடிதண்ணீர் பற்றிய தீர்மானங்களுக்கு நடுவே, சாயங்காலம் பல் டாக்டர் வேண்டும் என்ற தீர்மானத்துக்கும் அந்த நோட்டில் இடம் இருக்கிறது. லீவுக்கு ஊருக்கு வரும் இளைஞர்கள், இந்தத் தேதிகளில் பாதிக்கு மேல் அரசு விடுமுறை என்பதையும் கவனிக்கலாம்.